ஆர்ம் சர்வருக்கு மாறுகிறீர்களா? முதலில் பேஜ் சைஸைப் பாருங்கள்

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி) சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் 64-பிட் ஆர்ம் செயலி சர்வர்களுக்கு மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. லினக்ஸ் நிறுவுவதில் ஒரு சிக்கலும் இல்லை. சர்வர் தர ஆர்ம் இயந்திரங்களில் யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கி வைக்கும் பொதுவான ஃபர்ம்வேர்) இருப்பதால் ஆர்முக்கான வழக்கமான ஐஎஸ்ஓவே பூட் ஆகிவிடுகிறது. போஸ்ட்கிரஸ், எஞ்சின்எக்ஸ் எல்லாம் பேக்கேஜாகவே கிடைத்தன. பாடுபடுத்தியது அதற்குப் பிறகு வந்ததுதான்.

முதல் அடி கேஷ் சர்வரில். கன்டெய்னர் (மென்பொருளைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) எழும், உடனே விழும். லாகில் ஒரே வரி: 'அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்'. இத்தனைக்கும் அது ஆர்முக்கென்றே கட்டிய இமேஜ். எக்ஸ்86 மெஷினில் க்யூஎமு (வேறு செயலியைப் போல நடிக்கும் எமுலேட்டர்) வழியாக ஓட்டிப் பார்த்தபோது ஒழுங்காக ஓடியது. விஷயம் என்னவென்றால், எக்ஸ்86-இல் பேஜ் சைஸ் (கர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டின் அளவு) 4 கேபிதான். ஆர்மில் 4, 16, 64 என மூன்றில் எதுவாகவும் கர்னலைக் கட்டலாம். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் ஆர்ம் கர்னல் 64 கேபி. நாங்கள் போட்டிருந்தது அந்தக் குடும்பம். இமேஜுக்குள் இருந்த, நினைவகம் ஒதுக்கும் ஜெமல்லாக் நூலகத்தை 4 கேபி என்று வைத்துக் கட்டியிருந்தார்கள். ஜெமல்லாக் இந்த அளவைக் கம்பைல் செய்யும்போதே முடிவு செய்துகொள்ளும். க்யூஎமுவின் யூசர் மோடு 4 கேபி என்றே காட்டுவதால் சோதனையில் இது தெரியவே தெரியாது. உண்மையான மெஷினில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

கன்டெய்னர் ஹோஸ்டின் கர்னலைத்தான் பயன்படுத்துகிறது, ஆகவே உள்ளே எதை மாற்றினாலும் பேஜ் சைஸ் மாறாது. ஜெமல்லாக்கை 64 கேபிக்குக் கட்டினால் 4 கேபி கர்னலிலும் ஓடும். நாமே இமேஜ் கட்டுவதென்றால் அது நல்ல வழி. நாங்கள் அதே ரெட் ஹாட் குடும்பத்தின் பதிப்பு 9-க்கே போய்விட்டோம். அதில் 4 கேபிதான் இயல்பு, 64 கேபி வேண்டுவோருக்குத் தனி கர்னல் பேக்கேஜ் உண்டு. நினைவகம் நிறையத் தின்னும் டேட்டாபேஸுக்கு 64 நல்லதுதான், டிஎல்பி (நினைவக முகவரி மாற்றங்களைச் செயலி வைத்திருக்கும் கேஷ்) சுமை குறையும். ஆனால் அதை நாம் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 'கெட்கான்ஃப் பேஜ்சைஸ்' என்று அடித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அடுத்தது பேக்கப் மென்பொருள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. 'லினக்ஸ் ஆதரவு உண்டு' என்று சொல்லி விற்ற நிறுவனத்திடம் ஆர்ம் ஏஜென்ட் கேட்டால், 'ரீஇன்ஸ்டால் செய்து பாருங்கள்' என்றார்கள். 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' (இந்தச் செயலிக்கான பைனரி இல்லை) என்ற செய்தியைப் படம் பிடித்து அனுப்பியும் அதே பதில். டிக்கெட் மேல் மட்டத்துக்குப் போய், ஒருநாள் புதிய பேக்கேஜ் வந்தது. 'ஃபைல்' கட்டளையில் பார்த்தேன்: மறுபடியும் எக்ஸ்86 பைனரி! அதோடு அவர்களை விட்டுவிட்டு ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவிக்கு மாறினோம். திறந்த மூலம், ஆர்ம் பைனரி தயாராகவே இருக்கிறது. ரெஸ்டோர் செய்து சரிபார்த்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் பழைய சி நிரல் ஒன்று ஆர்மில் முடிவே இல்லாமல் சுழன்றது. கோப்பின் முடிவைக் குறிக்கும் -1-ஐ அது ஒரு 'சார்' மாறியில் வாங்கி ஒப்பிட்டது. எக்ஸ்86 லினக்ஸில் சார் குறியுள்ளது (எதிர் எண்ணும் ஏற்கும்). ஆர்ம் லினக்ஸில் குறியற்றது, அதனால் -1 அங்கே 255 ஆகிவிடும், ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது. ஜிசிசி கம்பைலருக்கு 'சைன்ட் சார்' கொடி கொடுத்தால் உடனே ஓடும். ஆனால் மாறியை 'இன்ட்' ஆக்குவதுதான் முறை, அப்படித்தான் திருத்தினோம். ஐபிஎம்மின் பவர் செயலி இயந்திரங்களிலும் லினக்ஸில் சார் குறியற்றதுதான், அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும் இது உதவும்.

இன்னொன்று: வெளியாரிடம் மூடிய மென்பொருள் வாங்குகிறீர்கள் என்றால், ஆர்ம்64 பேக்கேஜ் இருக்கிறதா, 64 கேபி பேஜில் ஓடுமா என்ற இரண்டையும் பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.