ஹகோனே சாவடிக்குப் போன கதை: பெயரால் வந்த வினை

ஜப்பானின் ஹகோனே மலையில் இருக்கும் பழைய சோதனைச் சாவடியைப் பார்க்கக் கிளம்பினேன். டோக்கியோவிலிருந்து ஹகோனே-யுமோட்டோ வரை ரயிலில் ஒரு சிக்கலும் இல்லை. வினையெல்லாம் ஸ்டேஷனில் பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரில்தான். அங்கே கொடுத்துவிட்டால் பெட்டியை விடுதிக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். நாம் கைவீசிக்கொண்டு எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த பழைய தொகாய்தோ சாலையில் நடக்கலாம். படிவத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஊழியர் விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "அப்படி யாரும் புக் செய்யவில்லையாம்" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

நம் பாஸ்போர்ட் சங்கதிதான் தெரியுமே. குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர். விடுதியில் என்னை அப்பா பெயரில் பதிந்திருக்கிறார்கள். செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டியும் மனிதர் மசியவில்லை. புக்கிங் எண்ணைக் காட்டி மறுபடி பேசவைத்த பிறகே பெட்டி உள்ளே போனது. அதற்குள் காலைப் பொழுது போயே போய்விட்டது. படிவத்தில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். புக்கிங் எண், விடுதியின் போன் எண் இரண்டும் தாளில் இருக்கட்டும்.

ஹதாஜுகு வரை பஸ். அப்புறம் மலையேறும் கல்பாதை. முதலில் மூங்கில் பரப்பித்தான் சேற்றைச் சமாளித்தார்களாம். 1680-இல் கல் பாவினார்கள். பாசி பிடித்த கல், வழவழவென்று இருக்கிறது. நடுவழித் தேநீர்க் கடையில் அமசாகே, அரிசியில் செய்த இனிப்புப் பானம், சூடாகக் கிடைத்தது. உட்கார்ந்து ரசிக்கத்தான் நேரமில்லை. சாவடியை மாலை ஐந்துக்கு மூடுகிறார்கள், டிக்கெட்டை அதற்கும் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். ஓடிப்போய்க் கடைசி நேரத்தில் வாங்கினேன்.

1619-இல் அமைத்து 1869-இல் ஒழித்த சோதனைச் சாவடி இது. இப்போது நிற்பது 2007-இல் திரும்பக் கட்டியது. டைம்யோ பிரபுக்களின் மனைவிமார் எடோவில் பிணைபோல் இருக்க வேண்டும் என்பது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் கட்டளை. அவர்கள் தப்பிவிடக் கூடாதென்று, எடோவிலிருந்து வெளியேறும் பெண்களிடம் அனுமதிச் சீட்டு கேட்டார்கள். சீட்டில் எழுதிய அடையாளமும் ஆளும் பொருந்துகிறதா என்று பார்க்கப் பெண் சோதனையாளர்கள் இருந்தார்கள்; கூந்தலைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்களாம். பொருந்தாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பாவம், காட்டித் தப்பிக்க அவர்களிடம் புக்கிங் எண்ணா இருந்தது?

மழை பெய்திருந்தால் கல்பாதை வேண்டாம். அதே பஸ்ஸில் மோட்டோ-ஹகோனே போய் இறங்குங்கள். பழைய தேவதாரு மரச் சாலை வழியே கொஞ்சம் நடந்தால் சாவடி வந்துவிடும்.