ஓர்மை

வெள்ளி விழா மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் செயலாளர் விடாமல் கேட்கிறார். எனக்கு ஓர்மையில் நிற்பது ஒரே ஒரு தமிழ் வகுப்புதான்.

1984. பத்தாம் வகுப்பு ‘பி’. மூன்றாவது மணி அடித்ததும் உப்பேரிப் பொட்டலங்கள் டெஸ்குக்குள் போய்விட்டன. ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என் கட்டுரை நோட்டை எடுத்து உரக்க வாசித்தார்: “மோந்தி நேரத்தில் கடப்புறத்தில்...” நிறுத்தினார். “இது என்ன பாஷைடா?” வகுப்பே சிரித்தது. வீட்டில் அந்தியை மோந்தி என்று சொல்கிறவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். (சிலர் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.) ‘ஓர்மை’ என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் சுழித்து, ‘நினைவு’ என்று ஐம்பது தடவை எழுத வைத்தார்.

1988-ல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நாவல் வந்தது. எழுதியவர் நம் குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்து தோப்பில் முஹம்மது மீரான். மலையாளத்தில் பள்ளிப்படிப்பு, திருநெல்வேலியில் வற்றல் மிளகாய் வியாபாரம். ஊருக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி அதில்தான் வருகிறார். நானோ அந்த இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டு அதே வருஷம் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினேன். 1997-ல் நம் பேச்சில் மீரான் எழுதிய ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது என்று கேள்விப்பட்டதும், உண்மையைச் சொன்னால், ஐயாவின் முகம்தான் முதலில் வந்தது.

அடுத்த லீவில் அவர் வீட்டுக்குப் போனேன். பழி தீர்க்கத்தான். மேசையில் ‘சாய்வு நாற்காலி’ கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு, ஓரத்தில் கேள்விக்குறி. “நல்ல நேரத்துல வந்தீங்க தம்பி, உங்க ஊர்ச் சொல்லெல்லாம் யார்கிட்ட கேக்குறதுன்னு இருந்தேன்” என்றார். ஐந்துக்குப் பொருள் சொன்னேன். ஒவ்வொன்றையும் குனிந்து எழுதிக்கொண்டார். கட்டுரை நோட்டு அவருக்கு ஞாபகமே இல்லை, நானும் கிளறவில்லை.

ஆறாவது சொல்லில் மாட்டிக்கொண்டேன். உம்மா தினமும் சொல்வதுதான், பொருள் வரவில்லை. அது எந்தச் சொல் என்று இங்கே எழுதப்போவதில்லை, நீங்கள் மறுபடியும் சிரிப்பீர்கள். “உம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் ஐயா” என்று எழுந்துவிட்டேன். உம்மா சொன்னாள். ஐயாவிடம் போய்ச் சொல்வதற்குள் லீவு முடிந்துவிட்டது.

2019 மே 10, நோன்பு மாத வெள்ளிக்கிழமை, மீரான் மௌத்தான செய்தி வந்தது. ஐயா அதற்கு முன்பே போய்விட்டார். அந்தப் புத்தகம் இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ, ஆறாவது கேள்விக்குறி அப்படியே இருக்கும்.