தொரை பங்களாவுல ஒரு மணி

மியூசியத்த பாத்துக்கிற வேலைன்னா சரித்திரம் பேசிக்கிட்டு இருக்கலாம்னு நினைச்சுத்தான் நுவரெலியா பக்கத்துல தேயிலைத் தோட்டத்து மேனேஜர் இருந்த இந்தப் பழைய தொரை பங்களாவுக்கு வந்தேன், வந்த மொத வாரமே ஏணில ஏறி பீலில அடைச்ச சருகு அள்ளிக்கிட்டு இருந்தேன். மே மாசம் தென்மேல் மழை பிடிச்சா தகரக் கூரை எங்க ஒழுகும்னு வாளிக்குத்தான் தெரியும். பின்னேரம் மிஸ்ட் உள்ள வர்றதுக்கு முந்தி ஜன்னல் எல்லாம் சாத்தணும், இல்லன்னா தோட்டத்து ஆளுங்க பேரும் சம்பளக் கணக்கும் எழுதின பழைய செக்ரோல் புத்தகத்துல பூஞ்சணம், நனைஞ்சா வெயில்ல காயவைக்கவும் ஏலாது, தாள் சுருண்டுரும், ஃபேன் காத்துலதான். புல்லு வெட்டுறது, அட்டைக்கு உப்பு, ஏப்ரல் சீசன்ல பார்க்கிங் சண்டை, இதெல்லாம் தனிக்கதை.

வர்றவங்க கேக்குற மொத கேள்வி "இங்க பேய் இருக்கா?"

எனக்கு முந்தி இருந்தவர் எழுதி வச்ச கதை 1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டாரு, 1869ல இருந்து இலை நோய் வந்து கோப்பி அழிஞ்சுதுன்னு போய், தொரையோட பியானோவுல முடியும். நான் 'துண்டு' பத்தி ஒரு போர்டு வச்சேன். தோட்டத்துல வேலை செய்ற ஆளு பேர்ல இருக்கிற கடன எழுதின தாள், அத அடுத்த தோட்டம் கட்டினாத்தான் ஆளு மாற முடியும், 1921லதான் ஒழிச்சாங்க. லீவுக்கு வர்றவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு மேலிடத்துல கேட்டாங்க. கம்பளை பரதெக்கவுல தொழிலாளிங்க குடியிருந்த லயத்தையே மியூசியமாக்கி வச்சிருக்காங்களே, இங்க ஒரு போர்டு வைக்க ஏலாதான்னு கேட்டேன். போர்டு இருக்கு, ஆனா கதவுக்குப் பின்னால.

சாப்பாட்டு ரூம்ல வேலையாள கூப்பிடுற பித்தளை மணி ஒண்ணு. பிள்ளைங்களுக்கு அதுதான் விளையாட்டு, நானும் விட்டுட்டேன். எங்ககிட்ட கூட்டிப் பெருக்குற பெரியம்மா சின்ன வயசுல இதே பங்களா குசினில வேலை செஞ்சவங்க. மணி அடிக்கிறப்பல்லாம் அவங்க கைவேலைய விட்டுட்டு எந்திரிச்சு நிக்கிறத கவனிக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. வெக்கமா இருந்துச்சு. அன்னைக்கு ராவே மணி நாக்க கழட்டி லாச்சுல வச்சேன், யாருக்கும் சொல்லல.

மறுநாள் துடைக்கிறப்ப தூக்கிப் பாத்துட்டு, "தம்பி, நாக்கு விழுந்துருச்சு போல. தேடிப் பாக்கவா?"ன்னாங்க.

வேணாம் பெரியம்மான்னேன்.