எரிந்த சரிவில் காலைப் பூ

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்மேற்கு மூலையில், காட்டுப் புகையிலை ஆய்வுக்காகக் களப்பணி பார்த்தேன். தாவரவியலில் இதன் பெயர் நிகோட்டியானா அட்டெனுவாட்டா. இதைத் தேடுபவர்கள் முதலில் காட்டுத்தீ எங்கே பிடித்தது என்றுதான் விசாரிப்பார்கள். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மேலே மூடிய சருகிலிருந்து ஊறி இறங்கும் பொருட்கள் அதை முளைக்க விடாது. புதர் எரிந்து, புகையின் வேதிப்பொருட்கள் மண்ணில் சேர்ந்த பிறகே கண் விழிக்கும். இரண்டு மூன்று வருஷம் கரிந்த சரிவில் இதன் ராஜ்ஜியம். அப்புறம் மற்ற செடிகள் இடத்தைப் பிடித்துவிடும்.

இலையைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். புழு கடித்தால் வேரில் நிகோடின் கூடுதலாக உருவாகி இலைக்கு ஏறும். பெரும்பாலான பூச்சிகளுக்கு அது விஷம். மண்டூகா என்ற பெரிய அந்துப்பூச்சியின் பச்சைப் புழு மட்டும் அதையும் சேர்த்தே தின்று கொழுக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தப் புழுவின் தாயை நம்பித்தான் பூ மாலை நேரத்தில் விரிந்து மணம் வீசுகிறது. தாய்ப்பூச்சி தேன் குடிக்கும், மகரந்தம் சுமக்கும், போகிற போக்கில் இலையில் முட்டையும் வைத்துவிடும்.

ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டானி கெஸ்லர், இயன் பால்ட்வின் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு என்னை இந்தச் செடியிடம் இழுத்தது. புழு மேயத் தொடங்கி ஒரு வாரம் போல ஆனதும், செடி சில மொட்டுகளைக் காலையில் திறக்கிறது. அவற்றில் மாலை மணம் கிடையாது. வருவது தேன் குடிக்கும் குட்டிப் பறவையான ஹம்மிங்பறவை; அது இலையில் முட்டை வைக்காது!

படித்தது வேறு, பார்த்தது வேறு. விடியும் முன்பே டார்ச்சோடு சரிவில் ஏறி, மொட்டு மொட்டாகப் பார்த்துக் குறித்துக்கொள்வது என் வேலை. காலைப் பூ முழுசாக விரியாது, விளிம்பு லேசாகத்தான் பிரியும். மூக்கருகே வைத்தாலும் வாசம் வராது. வெயில் ஏறுவதற்குள் பறவையின் இறக்கைச் சத்தம் கேட்டுவிடும். பசுமைக்குடிலில் மட்டும் வளர்த்திருந்தால் இந்தப் பறவை யார் கணக்கிலும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, எப்போதும் பறவையையே நம்பினால் என்ன? அந்துப்பூச்சி வெகுதூரம் பறக்கும். எட்டத்துச் செடியின் மகரந்தம் அதன் வழியாகத்தான் வரும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். புழு மேயும் செடியிலும் எல்லாப் பூவும் காலைக்கு மாறிவிடுவதில்லை. ஒரே செடியில் இரண்டு வேளைப் பூவும் இருக்கும்.