பக்கியின் மேல் ராலி பாடி: முதலில் அளக்க வேண்டியது அகலம்

ரிமோட் கார்களைத் தயாரிக்கும் ஜப்பானின் டாமியா நிறுவனம் 1990-இல் வெளியிட்ட மாண்டா ரே என்ற பக்கியின் (கரடுமுரடான தரையில் ஓடும் திறந்த ரிமோட் கார்) அமைப்பிலிருந்து உருவானதுதான் டிஏ01 (TA01) சேசிஸ், அதாவது அடிச்சட்டம். டொயோட்டா செலிக்கா, லான்சியா டெல்டா இன்டெக்ராலே ஆகிய ராலி கார்கள் அதன் மேல்தான் வந்தன. ஆகவே ரிமோட் பக்கிக்கு ராலி பாடி, அதாவது ராலி காரின் மேல்கூடு, மாட்டும் ஆசை, உற்பத்தியாளரே நடந்து காட்டிய வழிதான்.

இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் வீல்பேஸை (முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம்) மட்டும் அளந்துவிட்டு பாடியை வாங்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அகலமே முதல் கேள்வி. அசல் காரில் பத்தில் ஒரு பங்கான 1/10 அளவுப் பக்கியின் அகலம் ஏறக்குறைய 250 மி.மீ. வரை போகும், ராலி பாடியோ பொதுவாக 190 முதல் 200 மி.மீ. வரைதான். சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு நின்றால், பாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ராலி காராகத் தோன்றாது. பாடியின் சக்கர வளைவுகளை அகலமாக வெட்டித் தப்பிப்பதைவிட, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களைக் குட்டையாகவும், சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்களை அவற்றுக்கேற்பவும் பொருத்தி, 85 மி.மீ. அளவிலான பக்கி டயர்களுக்குப் பதிலாகச் சிறிய ராலி டயர்களைப் போடுவதே பாடிக்குச் செய்யும் மரியாதை.

அடுத்த தடை உயரம். பக்கியின் முன்பக்க ஷாக் டவர் (அதிர்வுதாங்கிகளான ஷாக்குகளின் மேல்முனையைப் பிடிக்கும் தகடு) பானெட்டை முட்டும் என்பதால், டவரைத் தாழ்த்தி, நீளம் குறைந்த ஷாக்குகளைச் சாய்வாக மாட்ட வேண்டியிருக்கும். ஷாக் தண்டின் வெளியே சிறு குழாய்த்துண்டைச் செருகினால், குதித்து இறங்கும்போது டயர் வளைவில் உரசாது. பிஸ்டனுக்குக் கீழே உள்ளே செருகினால் வண்டி தாழ்ந்து நிற்கும். பின் அச்சுக்கும் பின்னால் மோட்டார் தொங்கும், பின்சக்கரங்கள் இரண்டு மட்டும் இயக்கப்படும் பக்கிகளுக்கு, வால் குட்டையான ஹேட்ச்பேக்கைவிட இம்ப்ரெசா, லான்சர் போன்ற செடான் பாடிகளே பொருந்தும்.

பாலிகார்பனேட் பாடி, வண்ணம் பூசும்வரை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் என்பது பெரிய வசதி. சேசிஸின் மேல் வைத்து, பாடியைத் தாங்கும் கம்பங்களான பாடி போஸ்ட்டுகளின் இடத்தையும் சக்கர மையத்தையும் அப்போதே குறித்துக்கொண்டு, வளைவுகளைச் சிறிதாக வெட்டி, உப்புத்தாளால் மெல்ல மெல்ல அகட்ட வேண்டும். வண்ணம் உட்புறத்தில், அடர்நிறம் முதலில், வெளிர்நிறம் பிறகு.

சிறிய டயரால் வேகம் குறைகிறதே என்று பெரிய பினியனை (மோட்டார் தண்டில் உள்ள பல்சக்கரம்) போடுபவர்கள், அதனால் மோட்டார் கூடுதலாகச் சூடாகும், மூடிய பாடிக்குள் அதற்குக் காற்றும் குறைவு என்பதை மனத்தில் கொண்டு, பின்கண்ணாடியில் ஒரு திறப்பு வெட்டிவிட வேண்டும்.