கட்டைப் பிரிக்கலாமா, டீச்சர்?

2025 ஜூன் 18, புதன்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, ஒன்றிலிருந்து மூன்று வரை என்னிடம், ஒரே அறையில். 2022-இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் உட்கார வைக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னும் முதல் நிலையான அரும்பில் இருக்கிறான், அது எல்லாருக்கும் தெரிகிறது, அவனுக்கும் தெரிகிறது. இன்று அவனுக்குக் 'கடல்' என்று எழுதிக் காட்டினேன். க, ட, ல் மூன்றையும் சரியாகச் சொன்னான். சேர்த்துச் சொல்லுடா என்றால் "கட்டல்" என்கிறான். அப்படின்னா என்ன? தெரியாது, டீச்சர்.

எழுத்து தெரியாத பிள்ளை இல்லை அவன். ட-வைத் தனியாகச் சொல்லும்போது பட்டத்தில் வருகிற மாதிரி அழுத்திச் சொல்லத்தான் நாம் பழக்கியிருக்கிறோம், கடலில் அது அப்படி ஒலிக்காது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்த அரும்புப் பையனிடம் வீட்டில் என்னடா விசேஷம் என்று கேட்டேன். "எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்றான். அதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன், 'போட்டது' என்று திருத்தவில்லை. அவன் சொன்ன வாக்கியம் என்பதால் விரலை வைத்துக்கொண்டு, தடுமாறாமல் மூன்று தடவை படித்தான். அப்புறம் ஆடு, குட்டி இரண்டை மட்டும் விட்டு மற்றதை அழித்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "இதுல மெதுவா வருது, இதுல அழுத்தி வருது." கீழே கடல் என்று எழுதினேன். "கட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "கடல்! கடல்னா, தண்ணி இருக்குமே, அந்தக் கடலா டீச்சர்?"

பேச்சுத் தமிழைக் கரும்பலகையில் எழுதலாமா என்று பக்கத்து அறை டீச்சர் கேட்டார். எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். முதலில் அவன் படிக்கட்டும், 'போட்டது' அடுத்த மாதம் வரட்டும்.

ஜூலை 3, வியாழன்

42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் ஒன்பது பேர், அதில் ஆறு பேர் 35 என்று எழுதியிருக்கிறார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, நான்கில் ஒன்று போனால் மூன்று. கவனக்குறைவு என்று இதைத் தள்ள முடியாது, ஆறு பேரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்றால் அவர்கள் மனதில் ஒரு விதி இருக்கிறது: பெரியதிலிருந்து சின்னதை எடு. முதல் வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்ததேதான். அதற்கு மேல் இப்போது போய் "பக்கத்துல கடன் வாங்கு" என்றால் அவர்களுக்கு என்ன புரியும்? யாரிடம் வாங்குவது, ஒன்று கேட்டால் பத்து எப்படி வருகிறது? இந்தக் கடன் என்ற வார்த்தையை விட்டுவிடப் போகிறேன். ஈர்க்குச்சி சேர்க்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

இட்லிக் கடைக்கார அம்மாவின் பையன் 50-லிருந்து 38-ஐக் கழித்து 28 என்று எழுதினான். அதே விதி. சிலேட்டை வாங்கி வைத்துவிட்டு, முப்பத்தெட்டு ரூபாய்க்குச் சாப்பிட்டேன், அம்பது ரூபாய் நோட்டு தர்றேன், மீதி எவ்வளவு என்றேன். கண்ணை மூடித் திறப்பதற்குள், "ரெண்டு குடுத்தா நாப்பது, இன்னொரு பத்து குடுத்தா அம்பது. பன்னெண்டு, டீச்சர்." சிலேட்டில் 28 அப்படியே இருக்கிறது. அவனுக்கு இரண்டும் ஒரே கணக்கு என்று தோன்றவே இல்லை.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் சந்தையிலும் தெருவிலும் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி 1985-இல் ஓர் ஆய்வு வந்தது. விற்கும் இடத்தில் கேட்டபோது நூற்றுக்கு 98 கணக்கு சரி, அதையே வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 தான். ஆசிரியர் பயிற்சியில் இதைச் சொல்லக் கேட்டபோது தூர தேசத்துச் சங்கதி என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். நாலு கட்டு, ரெண்டு உதிரி. எனக்குப் பதினேழு கொடு என்று ரெட்டைச் சடைக்காரியிடம் கை நீட்டினேன். ஒரு கட்டைத் தந்தாள், உதிரி இரண்டையும் தந்தாள். இன்னும் ஐந்து வேண்டும். மிச்சமிருந்த மூன்று கட்டையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ரப்பர் பேண்டில் விரலை நுழைத்துக்கொண்டு, "கட்டைப் பிரிக்கலாமா, டீச்சர்?"

எனக்குப் பேச்சே வரவில்லை. தலையை ஆட்டினேன். ஐந்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ரெண்டு கட்டு அஞ்சு உதிரி என்றாள். இன்னொருத்தி நாலு கட்டையும் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள், அவளுக்கும் இருபத்தைந்துதான் வந்தது. அவளை நான் அவசரப்படுத்தவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

குச்சியை எடுத்துவிட்டுச் சிலேட்டில் கணக்குக் கொடுத்தேன். நாலு பேர் திரும்பப் பழைய விதிக்கே போய்விட்டார்கள். நான்தான் அவசரப்பட்டேன். நடுவில் ஒரு படி வேண்டும்: கட்டுக்குக் கோடு, உதிரிக்குப் புள்ளி என்று வரையச் சொன்னேன், ஒரு கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைப்பது. இரண்டு பேருக்குப் பிடிபட்டது. இட்லிக் கடைப் பையனுக்குக் கோடே வேண்டாமாம், 38-லிருந்து மேலே ஏறியே சொல்கிறான். சரி, அவன் வழியிலேயே போகட்டும்.

மத்தியானம் எண்கள் சொல்லி எழுத வைத்தேன். தொண்ணூற்று மூன்று என்றேன், ஆட்டுக்காரப் பையன் 103 என்று எழுதினான். ஏன்டா? "நூறுன்னு கேக்குதுல்ல, டீச்சர்." கேட்கத்தான் செய்கிறது. எண்பது வரை ஒழுங்காக வந்த பெயர்கள் அங்கே போய் நூறை உள்ளே வைத்துக்கொள்கின்றன. ஒன்பது கட்டு, மூன்று உதிரியை அவன் முன்னால் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, நூறுக்கு ஒரு கட்டு கொறையுது என்று சொல்லிக்கொண்டே 103-ஐ அழித்தான்.

தொள்ளாயிரம் இன்னும் பாக்கி இருக்கிறது, அதற்கு என் குச்சி போதாது. வீட்டில் பழைய துடைப்பம் இருக்கு, நாளைக்குக் கொண்டு வர்றேன் என்றிருக்கிறான்.