13பி ரோட்டரிக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா?

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி எஞ்சினைக் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழல்வது) கியர்பாக்ஸ் ஒன்றோடு இணைத்து, தாமே கட்டிய விமானத்தில் பொருத்திப் பறப்பவர்கள் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். காற்றை அழுத்தித் தரும் கருவி எதுவும் இல்லாமலேயே அந்த எஞ்சின் 160 முதல் 180 குதிரைத்திறன் வரை தரும். இருவர் அமரும் விமானத்துக்கு அது தாராளம். ஆகவே டர்போசார்ஜரையோ (எஞ்சினின் புகையால் சுழலும் டர்பைனைக் கொண்டு காற்றை அழுத்துவது) சூப்பர்சார்ஜரையோ (எஞ்சின் தண்டே பெல்ட் வழியாகச் சுழற்றுவது) சேர்க்க விரும்புபவர், எவ்வளவு திறன் வேண்டும் என்று கேட்பதற்கு முன், எந்த உயரத்தில் பறக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்க விதிப்படி 12,500 அடிக்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டினால் விமானிக்கு ஆக்சிஜன் கட்டாயம். 14,000 அடிக்கு மேல் எந்நேரமும் கட்டாயம். 18,000 அடியில் தொடங்கும் வான்வெளியில் கருவிவழிப் பறத்தலுக்கான அனுமதி இல்லாமல் நுழையவே முடியாது. வழக்கமாக 8,000 அடியில் பறப்பவர் இந்தப் பேச்சையே விட்டுவிட்டு, மிச்சமாகும் எடைக்கு எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம். 17,500 அடியில் மலைத்தொடர்களைக் கடக்க நினைப்பவருக்கு நிலைமை வேறு. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். 1918இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ் தம் டர்போவை லிபர்ட்டி விமான எஞ்சினில் பொருத்தி, 14,000 அடிக்கும் மேற்பட்ட பைக்ஸ் பீக் மலையுச்சியில் சோதித்தபோது, கீழே 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் மேலே வெறும் 230ஆகச் சுருங்கியது. டர்போவை இயக்கியதும் 356க்கு ஏறியது. உயரத்தில் இழந்ததை மீட்பதற்காகவே விமானத்துக்கு டர்போ வந்தது.

சூப்பர்சார்ஜரின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. செந்தணலாய்க் காயும் குழாய்கள் எஞ்சின் மூடிக்குள் கூடுவதில்லை. பெல்ட் அறுந்தாலும், காற்று சுற்றிச் செல்ல மாற்றுவழி வைத்திருந்தால், எஞ்சின் சாதாரண எஞ்சினைப்போல ஓடும். ஆனால் அதன் வேகம் எஞ்சினின் வேகத்தோடு கட்டுண்டது. அழுத்த விகிதமும் உயரத்தைப் பார்த்துப் பெரிதாக மாறுவதில்லை. 18,000 அடிக்காக இரண்டு மடங்கு அழுத்தும்படி புல்லியைத் தேர்ந்தெடுத்தால், தரையில் அது இரண்டு வளிமண்டல அழுத்தத்தைத் தரப் பார்க்கும். த்ராட்டிலை மூடி அதை அடக்க வேண்டும். தரைக்கேற்ப 1.4 மடங்கோடு நிறுத்தினால், 18,000 அடியில் கிடைப்பது வளிமண்டல அழுத்தத்தில் 0.7 பங்கு மட்டுமே. இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்கு இரண்டு வேகக் கியர் கொண்ட சூப்பர்சார்ஜர் தேவைப்பட்டதற்கு இதுவே காரணம். வீட்டுப் பட்டறையில் அப்படியொன்றைச் செய்வது எளிதன்று. போதாததற்கு, அந்த உயரத்தில் காற்றை இரண்டு மடங்கு அழுத்த, 60 சதவீதச் செயல்திறனில், நான் போட்ட கணக்குப்படி எஞ்சின் தண்டிலிருந்து சுமார் 18 குதிரைத்திறன் போய்விடுகிறது.

எனவே நான் டர்போவின் பக்கம். ஆனால் காரில் வந்த டர்போவையே போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை ஏற்க மாட்டேன். 13பியின் மையத் தண்டு ஒருமுறை சுழலும்போது 1,308 கன சென்டிமீட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. 6,000 சுழற்சியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,850 லிட்டர். 18,000 அடியில் கடல்மட்ட அழுத்தத்தையே எஞ்சினுக்குத் தர வேண்டுமானால், டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசர் அங்குள்ள மெலிந்த காற்றில் நிமிடத்துக்கு 12,500 லிட்டர் அளவுக்கு விழுங்கியாக வேண்டும். கம்ப்ரசர் எவ்வளவு காற்றை எத்தனை மடங்கு அழுத்த முடியும் என்று காட்டும் வரைபடத்தில் இந்தப் புள்ளியைக் குறித்துப் பார்த்தால், சிறிய டர்போக்கள் பல வலது ஓரத்தைத் தாண்டி, வேக வரம்பை மீறிச் சுழல வேண்டியிருப்பது தெரியும். ஆர்எக்ஸ்-7இன் கடைசித் தலைமுறையில் இருந்த இரட்டை டர்போ அமைப்பு, குறைந்த சுழற்சியிலேயே உந்துதல் கிடைக்க வேண்டும் என்பதற்காக உருவானது. விமானத்தில் த்ராட்டில் மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கிறது; அங்கே அந்தத் துடிப்புக்கு வேலையே இல்லை.

டர்பைன் பக்கம் இன்னும் கவனம் தேவை. ரோட்டரியின் புகை 900 டிகிரி செல்சியஸை எளிதாக எட்டும். காரில் சில நொடிகள் மட்டும் தாங்க வேண்டிய அந்த வெப்பத்தை இங்கே முழுப் பயணமும் தாங்க வேண்டும். டர்பைன் கூடு சிறியதாக இருந்தால் பின்னழுத்தம் ஏறி, எரிந்த வாயு அடுத்த சுழற்சியின் புதுக் காற்றோடு கலந்து சூடேற்றும். அதிலிருந்து நாக்கிங், அதாவது எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது, வெகுதூரம் இல்லை. பிஸ்டன் எஞ்சின் சற்றுப் பொறுத்துக்கொள்ளக்கூடிய நாக்கிங்கில் ரோட்டரியின் அபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனைகளில் வாயு கசியாமல் தடுக்கும் பட்டை) உடையும். உடைந்த துண்டு வெளியேறும் வழியில் இருப்பதோ டர்பைன் சக்கரம். ஆகவே பெரிய கூடு, அழுத்தத்தால் சூடேறிய காற்றைக் குளிரவைக்கும் நல்ல இன்டர்கூலர், மிதமான அழுத்தம் என்பதே என் தேர்வு. கடல்மட்ட அழுத்தத்தை மீட்பதோடு நிறுத்திக்கொண்டு, அதற்கு மேல் ஆசைப்படாமல் இருப்பதே இந்த எஞ்சினுக்கு நல்லது.

டர்பைனுக்குப் போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவான கார் வேஸ்ட்கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டே அழுத்தத்தை அளக்கிறது. 5 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு) வைத்தால் தரையில் மொத்தம் 19.7 பிஎஸ்ஐ கிடைக்கும். 18,000 அடியில் 12.3தான். மேலே போதாமலும் கீழே அளவுக்கு மிஞ்சியும் நிற்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பதிலாக, வெளிக்காற்றோடு ஒப்பிடாமல் முழு அழுத்தத்தை அளக்கும் கட்டுப்பாட்டுக் கருவியோ, விமானி கையால் நகர்த்தும் நெம்புகோலோ வேண்டும். நெம்புகோலை நம்பினால், இறங்கும்போது வேஸ்ட்கேட்டைத் திறந்துவிடும் வேலையைச் சரிபார்ப்புப் பட்டியலிலும் எழுதி வைக்க வேண்டும்.